சீட்டும் சரக்கும்

வடசென்னையில் 'டோக்கன்' என்னும் சொல்லுக்கு எவரும் பொருள் கேட்பதில்லை. நியாய விலைக் கடையில் பொங்கல் தொகுப்பு வாங்க டோக்கன். மருத்துவரைக் காண டோக்கன். ரமலானில் சில பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கும் டோக்கன். ஹஜ்ஜுப் பெருநாளன்று ஏழை எளியோர்க்குக் குர்பானி இறைச்சி வழங்கவும் டோக்கன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அடைபட்டு, சரக்கு வண்டி ஊர்ந்து கடக்கும்வரை காத்து நிற்கின்ற கூட்டத்தில் எவரை நிறுத்திக் கேட்டாலும் இதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுவார். வேறொரு பொருளுக்காக நிற்கும் சிறு துண்டு அது. அதன் மதிப்பு அத்துண்டில் இல்லை. அதை நீட்டும்போது பொருளைத் தரக் கடமைப்பட்டவர் எவரோ, அவருடைய நாணயத்தில் இருக்கிறது. கடை சாத்திய பின் கையில் எஞ்சும் டோக்கன் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்.

இப்பழகிய சொல் இப்போது பழகாத இடமொன்றிலிருந்து வந்து நம் வாசற்கதவைத் தட்டுகிறது. அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகள் 'டோக்கன்' வடிவில் கைப்பேசியில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கலாமா என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நம்மிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய இளைஞர் ஒருவர், திருவொற்றியூர்ப் பக்கம் கண்டெய்னர் கிடங்கொன்றில் கணக்கெழுதி வருகிறார். அவருடைய அத்தா துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்து மறைந்தவர். அவர் விட்டுச் சென்றதும், தாயார் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததுமாக நான்கு இலட்சம் ரூபாய் வங்கியில் கிடக்கிறது. தங்கையின் நிக்காஹுக்கென வைத்த பணம். வட்டி வேண்டாமென்று நடப்புக் கணக்கிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். விலைவாசி ஏற ஏற அது தேய்கிறதே என்னும் கவலை அவருக்கு. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்து அமர்ந்தார்.

"ஹஜ்ரத், அமெரிக்கக் கம்பெனிப் பங்கை நூறு ரூபாய்க்குக்கூட வாங்கலாம். இராப்பகல் எந்நேரமும் விற்கலாம். அந்தக் கம்பெனி ஹலால் பட்டியலிலும் இருக்கிறது. அம்மாவின் பணத்தை அதில் போடலாமா?"

"தம்பி, நீ வாங்குவது கம்பெனியின் பங்கையா, பங்கின் பேரால் வேறொருவர் தரும் சீட்டையா?" என்றோம்.

"ரெண்டும் ஒன்றுதானே ஹஜ்ரத்?" என்றார் அவர்.

அதற்கு உடனே விடை கூறாது, சில வாரம் அவகாசம் கேட்டோம். அவர் கொணர்ந்து தந்த ஆங்கில ஏடுகளைக் கணக்காய்வுத் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் துணையுடன் வரிவரியாகப் படித்தோம். ஃபிக்ஹு நூல்களையும் மீண்டும் புரட்டினோம். அவ்விரண்டு வாசிப்பிலும் தெளிந்ததையே இங்கு எழுதுகிறோம். இஃது ஃபத்வா அன்று; ஒரு குடும்பத்தின் நான்கு இலட்சத்தை முன்னிட்டு எழுந்த ஆராய்ச்சி.

முதலில் பங்கு என்பது யாது? நம் குடும்பங்களில் இதைக் கூட்டுக் குர்பானியைக் கொண்டு விளக்குவதே எளிது. ஒரு மாட்டில் எழுவர் பங்கு சேர்கின்றனர். மாடு உயிரோடு நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் அதில் ஏழில் ஒரு கூறு சொந்தம். எந்தக் கால் யாருக்கு என்று பிரிக்கப்படவில்லை. எனினும் உரிமை மெய்யானது. பெருநாளுக்கு முன் மாடு இறந்துபட்டால் நட்டமும் எழுவரையே சாரும். இத்தகைய பிரிபடாத கூட்டுரிமையைத்தான் நம் நூல்கள் 'ஹிஸ்ஸா ஷாயிஆ' என்கின்றன. அதே பெருநாளன்று வாசலில் இறைச்சி டோக்கனோடு நிற்பவரும் அம்மாட்டின் இறைச்சியையே எதிர்பார்க்கிறார். ஆனால் மாடு அவருடையதன்று. அவரிடம் இருப்பது ஒரு வாக்கு. பங்காளிக்கும் டோக்கன்காரருக்கும் கிடைப்பது ஒரே இறைச்சிதான். ஆயினும் இருவரும் நிற்கும் இடம் வேறு வேறு.

கம்பெனிப் பங்கும் மாட்டுப் பங்கைப் போன்றதே. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய். ஆக 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை 2 இலட்சம் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர். பின்னர் வந்து சேர்ந்த 'காலியா', 'லாவோ' ஆகிய கப்பல்களில் அப்பெருமகனார்க்கு இன்ன பலகை, இன்ன பாய்மரம் என்று ஒதுக்கப்படவில்லை. ஆனால் கம்பெனி கொண்டிருந்த யாவற்றிலும் பங்கு விகிதப்படி அவர்க்கு உரிமை இருந்தது. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டபோது நட்டமும் பங்காளிகளுடையதாயிற்று. நம் சமுதாயத்தவர் ஒருவர் பங்கு என்றால் என்னவென்று அறிந்து, இலாபத்தை எண்ணாது பெருந்தொகை இட்ட அந்நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய வரலாறு. பாடப்புத்தகங்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன.

1992இல் ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் பங்கு வணிகம் குறித்து ஆய்ந்து இதே முடிவைத் தந்தது. பங்கை விற்கும்போது விற்கப்படும் பொருள் கம்பெனியின் சொத்துகளில் உள்ள பிரிபடாத கூறே. பங்குப் பத்திரம் என்பது அவ்வுரிமைக்குச் சான்று மட்டுமே என்பது அதன் கருத்து. சான்று வேறு, சான்று காட்டும் பொருள் வேறு என்னும் இந்நுட்பத்தைப் பற்றிக்கொண்டால் மீதமுள்ள யாவும் விளங்கும்.

சான்று காகிதமாக இருந்த காலம் நமக்கு நன்கு நினைவிருக்கிறது. 1937இல் மறுபடி தொடங்கப்பெற்று 2015இல் ஸெபியின் ஆணையுடன் விலகிக்கொண்ட சென்னைப் பங்குச் சந்தை, நம் துறைமுகத்துக்கு எதிரே செகண்ட் லைன் பீச்சில்தான் நடந்தது. அக்காலத்தில் பங்கு மாற வேண்டுமெனில் பத்திரமும் கையொப்பமிட்ட மாற்றுப் படிவமும் கம்பெனிக்குப் போய் வரவேண்டும். கையொப்பம் ஒத்துவராவிடில் திரும்பி வரும். வழியில் தொலைவதும் உண்டு. 1996இன் வைப்பகச் சட்டம் இதை மாற்றிற்று. காகிதம் மறைந்தது, கணினிப் பதிவு வந்தது. 'டீமேட்' என்று வழங்குவது அதுவே.

இதில் பலரும் கவனியாத ஒன்றுண்டு. அச்சட்டத்தின்படி கம்பெனியின் ஏட்டில் உரிமையாளராகப் பதிவு பெறுவது வைப்பகந்தான், வாங்கிய நாமல்ல. வைப்பகத்தின் ஏட்டில் நம் பெயர் பயனுரிமையாளராக எழுதப்படுகிறது. அப்படியானால் அங்கும் இடையில் ஒருவர் இருக்கிறாரே, அது மட்டும் எப்படி ஆகும் என்று அவ்விளைஞர் மடக்கினார். நல்ல கேள்வி! கிடங்கில் வேலை செய்பவருக்கு இடைத்தரகரைக் கண்டால் உடனே மணம் தெரிந்துவிடும் போலும். விடை அச்சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே உள்ளது: ஈவுத்தொகை, வாக்குரிமை முதலிய எல்லா உரிமையும், அவ்வாறே எல்லாப் பொறுப்பும் பயனுரிமையாளரையே சாரும், வைப்பகத்துக்கு வாக்குரிமை இல்லை. வைப்பகம் ஏந்தி நிற்கும் கை மட்டுமே. இடையில் ஒருவர் நிற்பதால் உரிமை கெடுவதில்லை. அவர் என்ன நிலையில் நிற்கிறார், சட்டம் அவரை எதனால் கட்டியிருக்கிறது என்பதே வினா.

இனி டோக்கனுக்கு வருவோம். 'பிளாக்செயின்' என்பது ஒரு கணக்கேடு. அதன் பிரதி ஒரே இடத்தில் இராது ஏராளமான கணினிகளில் ஒரே வேளையில் இருக்கும். புதிய பதிவைப் பலவும் சரிபார்த்து ஏற்கும். ஏற்ற பின் அழிப்பது மிகமிக அரிது. அதில் எழுதப்பட்ட ஓர் உருப்படியே டோக்கன். திறவுகோல் எவரிடமோ அவர் அதை மற்றவருக்கு மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமையும் மாற்றலாம், நள்ளிரவிலும் மாற்றலாம்.

மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதில் ஓர் உண்மை சட்டெனப் புலப்படும். டோக்கன் இன்னாரிடமிருந்து இன்னாருக்குச் சென்றது என்பதற்கு அக்கணினிகள் யாவும் சாட்சி; அது 'முதவாத்திர்' போன்ற உறுதியுடையது. ஆனால் அந்த டோக்கனுக்கு ஈடாக ஒரு மெய்யான பங்கு எங்கோ ஒரு பெட்டகத்தில் இருக்கிறது என்னும் செய்தியை எந்தக் கணினியும் கண்டதில்லை. அதை அறிவிப்பவர் ஒருவரே: டோக்கனை வெளியிட்டவர். அது 'கபருல் வாஹித்'. தனியொருவர் அறிவிப்பைத் தள்ளிவிட வேண்டுமென்பதன்று. அறிவிப்பவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராய்ந்த பின்னரே ஏற்கவேண்டும் என்பது நம் முன்னோர் விதி. ஸனது எவ்வளவு நீளமாய், எவ்வளவு ஒழுங்காய்ப் பின்னப்பட்டிருந்தாலும் மூல அறிவிப்பாளர் பலவீனமானவராயின் பயனென்ன? தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து எழுதப்பட்ட ஏடுகள் எல்லாம் ஸனதின் அழகையே பேசுகின்றன. மூல அறிவிப்பாளரைப் பற்றிய செய்தி பொடியெழுத்தில், எழுபதாம் எண்பதாம் பக்கங்களில் கிடக்கிறது.

டோக்கன் பங்குகள் யாவும் ஒரே வகையல்ல. மூன்று வகை உண்டு. கிடங்கில் வேலை செய்யும் அன்பருக்கு அவர் தொழிலின் பேச்சிலேயே சொன்னோம். கப்பலில் சரக்கு வருகிறது. பில் ஆஃப் லேடிங் எவர் கையிலோ சரக்கு அவருடையது. அந்தப் பில்லையே காகிதத்துக்குப் பதில் கணினி வடிவில் தந்தால் அது முதல் வகை. பில்லைத் தம் பெட்டியில் பூட்டிக்கொண்டு, 'என்னிடம் இருக்கிறது, விலைக்கேற்பப் பணம் தருகிறேன்' என்று ஒருவர் தம் பேரில் எழுதித் தரும் சீட்டு இரண்டாம் வகை. சரக்குக்கும் நமக்கும் எவ்விதத் தொடர்பும் இன்றி, அதன் விலை ஏறினால் நான் தருகிறேன், இறங்கினால் நீ தா என்று இருவர் தேநீர்க் கடையில் பேசிக்கொள்வது மூன்றாம் வகை. மூன்றிலும் கைப்பேசித் திரையில் தெரிவது அதே கம்பெனியின் பெயரும் அதே விலையுந்தான்.

முதல் வகைக்கு உதாரணம் இன்னும் குறைவு. 2025 செப்டம்பரில் கேலக்ஸி டிஜிட்டல் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் பங்கையே, பதிவு பெற்ற மாற்று முகவர் வழியாக, பிளாக்செயினில் பதிய வகை செய்தது. அங்கே டோக்கனை வைத்திருப்பவரின் பெயர் கம்பெனியின் பங்காளர் ஏட்டிலேயே ஏறுகிறது. ஏடு மாறியதேயன்றி உரிமை மாறவில்லை. 2025 டிசம்பரில் அந்நாட்டு மைய வைப்பகமான டி.டி.சி., தன்னிடமுள்ள பங்குரிமைகளைச் சோதனை முறையில் டோக்கனாக்குவதற்கு, பங்கு ஆணையத்தின் அலுவலர்கள் ஆட்சேபம் இல்லையெனக் கடிதம் தந்தனர். இவ்வழி வளருமாயின் வருங்காலத்தில் பேச்சே வேறாகும்.

இரண்டாம் வகையே இன்று மிகுதியாகப் பேசப்படுவது. 2025 ஜூன் 30 அன்று 'எக்ஸ்ஸ்டாக்ஸ்' என்னும் பெயரில் ஏறத்தாழ 60 அமெரிக்கப் பங்குகளுக்கும் நிதிகளுக்கும் டோக்கன்கள் வெளியாயின. அவற்றை வெளியிடுவது ஜெர்ஸி தீவில் பதிவான பேக்ட் நிறுவனத்தின் கிளைக் கம்பெனி. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு மெய்யான பங்கை வாங்கிக் காப்பாளரிடம் வைப்பதாக அது சொல்கிறது. சட்டப்படி அந்த டோக்கனின் பெயர் 'டிராக்கர் சர்ட்டிஃபிகேட்' என்பது. அதாவது பங்கின் விலையைப் பின்தொடரும் சான்றிதழ். இதை வைத்திருப்பவர் அமெரிக்கக் கம்பெனிக்குப் பங்காளியல்லர், வாக்குரிமை இல்லை. ஈவுத்தொகை பணமாக வராது. வரி போக எஞ்சியதற்கு ஏற்ப டோக்கன் எண்ணிக்கையைக் கூட்டித் தருகிறார்கள். வெளியிட்ட கம்பெனியிடமே நேராகச் சென்று பணமாக்கிக்கொள்ளும் வழி அதன் விதிகளுக்கு உட்பட்டுப் பதிவு செய்த முதலீட்டாளருக்கே. மற்றவர் சந்தையில் விற்றுத்தான் வெளியேற வேண்டும். வெளியிட்டவர் நொடித்தால் ஈடாக வைத்த பங்குகளை விற்றுத் தருவதற்குக் காப்பு ஏற்பாடும் எழுதப்பட்டிருக்கிறது. இவை யாவும் ஒளிக்கப்படவில்லை, ஏட்டில் உள்ளன. ஏட்டை யார் படிக்கிறார்கள் என்பதே துயரம்.

இன்னொன்று: அமெரிக்கச் சந்தை சனி, ஞாயிறுகளில் மூடியிருக்கும். அப்போதும் டோக்கன் விற்கும் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மூடிய கடையின் சரக்குக்கு வாசலில் நின்று விலை பேசினால் அவ்விலை எதைப் பற்றி நிற்கும்? வாங்குவோர் சிலரே உள்ள வேளையில் அது மெய் விலையினின்றும் விலகும்.

மூன்றாம் வகைக்கு வருவோம். அதே 2025 ஜூன் 30 அன்று ராபின்ஹுட் என்னும் நிறுவனம் ஐரோப்பிய வாடிக்கையாளர்க்கு 200க்கு மேற்பட்ட அமெரிக்கப் பங்கு டோக்கன்களை அறிவித்தது. அவை ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் 'டெரிவேட்டிவ்' ஒப்பந்தங்கள்; வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம், பங்கன்று. அவ்வேளையில் பங்குச் சந்தைக்கே வராத ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியின் பெயரிலும் டோக்கன் பரிசளித்தார்கள். சில நாட்களுக்குள் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியே, இது எங்கள் பங்கன்று, இதில் எங்களுக்குத் தொடர்பில்லை என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டது. மாட்டுக்காரரே வந்து, 'நீங்கள் விற்பது என் மாடன்று' என்று சொன்னதை ஒக்கும்! இதற்கு முன் 2020இல் எஃப்.டி.எக்ஸ். என்னும் சந்தையும் பங்கு டோக்கன் விற்றது. அது 2022 நவம்பரில் திவாலாயிற்று. டோக்கன் காட்டிய கம்பெனிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அவை நன்றாகவே நடந்தன. டோக்கன் வைத்திருந்தோரோ கடன் கொடுத்தோரின் வரிசையில் போய் நிற்க நேர்ந்தது.

இவ்வளவும் படித்து முடித்த இரவு நமக்கு ஜார் துறைமுகம் நினைவுக்கு வந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் வரும் செய்தி அது. மதரஸாவில் ஓதியபோது அதை வணிகப் பாடத்தின் ஒரு கிளைச் சட்டமாக மட்டுமே ஓதிக் கடந்தோம். ஜார் என்பது செங்கடற்கரையில் மதீனாவுக்குத் துறைமுகமாக விளங்கிய ஊர். எகிப்தின் தானியம் அங்கே கப்பலில் வந்திறங்கும். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் மர்வான் மதீனாவின் ஆளுநராயிருந்தபோது, அத்தானியத்தில் இன்னாருக்கு இவ்வளவு என்று மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. 'ஸக்கு' என்பது அச்சீட்டின் பெயர், பன்மையில் 'ஸுகூக்'. மக்கள் ஜாருக்குப் போகவில்லை. தானியத்தைக் கண்ணால் காணவுமில்லை. மதீனாவில் இருந்தபடியே சீட்டை விற்றனர், வாங்கியவர் மற்றவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. தானியம் துறைமுகத்தில் கிடந்தது. சீட்டு ஊரெங்கும் சுற்றிற்று.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு ஸஹாபியும் மர்வானிடம் சென்று, வட்டி வணிகத்தை நீர் ஆகுமாக்கிவிட்டீரா என்று கடிந்து கேட்டதாக முவத்தா சொல்கிறது. அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் சென்று, உணவுப் பொருளைக் கைப்பற்றுமுன் விற்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க இஃதென்ன என்று கேட்டதாக முஸ்லிம் நூல் சொல்கிறது. மர்வான் அவர்களை எதிர்த்து வாதிக்கவில்லை. காவலரை அனுப்பி, ஊரில் சுற்றிய சீட்டுகளைப் பறித்து உரியவர்களிடமே திருப்பித் தரச் செய்தார்.

இச்செய்தியை வைத்துக்கொண்டு, ஆகவே டோக்கன் யாவும் ஹராம் என்று மேடையில் முழங்குவோரை நாம் கேட்டிருக்கிறோம். அஃது அவசரம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் இவ்விடத்தில் ஒரு நுட்பம் காட்டுகிறார்கள். சீட்டை முதலில் பெற்றவருக்கு அத்தானியத்தில் உரிமை நிலைபெற்றுவிட்டது. அவர் விற்பது ஆகும் என்பதே வலுவான கூற்று. தடை, அவரிடம் வாங்கியவர் தானியத்தைத் தம் கைக்குக் கொள்ளாமலே மறுபடி விற்பதற்கு. சீட்டு குற்றமுடையதன்று. உரிமையும் நட்டப் பொறுப்பும் தம்மிடம் வாராதிருக்க, இலாபத்தை மட்டும் கைமாற்றிக்கொண்டே போவதுதான் குற்றம். நட்டப் பொறுப்பை ஏலாத பொருளில் இலாபம் கொள்வதை நபிமொழி தடுத்திருப்பதும் இக்கருத்தை வலியுறுத்தும். தானியத்துக்கான தடையைப் பங்குக்கு அப்படியே நீட்டலாமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஹனஃபிகள் அசையும் பொருள் யாவற்றுக்கும் கைப்பற்றலை வேண்டுவர்; ஷாஃபிஈகள் அசையாப் பொருளுக்கும் வேண்டுவர். கைப்பற்றல் என்பது கையால் தூக்குவது மட்டுமன்று. தடையின்றி ஆளும் நிலையில் ஒப்படைக்கப்பெறுவதும் கைப்பற்றலே என்பதில் இக்கால அறிஞர் பெரும்பாலோர் ஒன்றுபடுகின்றனர். பங்காளர் ஏட்டில் அல்லது சட்டம் காக்கும் வைப்பக ஏட்டில் பெயர் ஏறுவது அத்தகையது.

ஆகவே நம் கருத்து வருமாறு. முதல் வகை டோக்கன், பங்கேதான். அக்கம்பெனியின் தொழில் ஆகுமானதாயின், பங்குக்குரிய சட்டமே அதற்கும். மூன்றாம் வகை, பொருளே இல்லாத விலைப் பந்தயம். அதை நாம் எவ்வகையிலும் ஆகுமென்று சொல்லத் துணியோம். இடையில் நிற்கும் இரண்டாம் வகையே சிந்தனைக்குரியது. பெட்டகத்தில் உள்ள பங்கை வெளியிட்டவர் நமக்காக அமானிதமாக ஏந்தி நிற்கிறார் என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லுமாயின் வைப்பகத்தின் நிலைக்கு அது நெருங்கி வரும். பங்கு அவருக்கே சொந்தம், நமக்கு அவர் கடன்பட்டிருக்கிறார், அதற்கு ஈடாகப் பங்கை வைத்திருக்கிறார் என்று சொல்லுமாயின் நாம் கையில் வைத்திருப்பது கடன் சீட்டு. கடனை மூன்றாமவருக்குக் கூட்டியும் குறைத்தும் விற்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞரும் ஏற்பதில்லை. நாம் படித்த ஏடு, அச்சான்றிதழை வெளியிட்டவரின் கடப்பாடு என்றே பேசுகிறது.

இவ்விடத்தில்தான் அவ்விளைஞர் காட்டிய ஹலால் பட்டியலின் குறை வெளிப்படுகிறது. பஹ்ரைனில் உள்ள அஃயோஃபி என்னும் தரநிலைக் குழு, கம்பெனி வாங்கிய வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது, ஆகாத வருமானம் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றெல்லாம் அளவுகோல் வகுத்திருக்கிறது. பட்டியல்கள் இத்தகைய அளவுகோலால் அமைந்தவை. அவை கம்பெனியைச் சோதிக்கின்றன. கைப்பேசியில் நாம் செய்யும் ஒப்பந்தத்தைச் சோதிப்பதில்லை. ஆடு ஹலாலானது என்பதால் அதன் பேரில் வைத்த சூதும் ஹலாலாகிவிடுமா?

மார்க்கம் ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நாம் மேலே சொன்ன வெளிநாட்டு டோக்கன்கள் ஸெபியின் பதிவுக்கு உட்பட்டவையல்ல. ஏதேனும் பிசகினால் ஜெர்ஸி தீவின் வாசலைத்தான் தட்ட வேண்டும். வெளிநாட்டுப் பங்கே வேண்டுமெனில், வங்கி வழியே ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி திட்டம் வகுத்திருக்கிறது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் 2022 மார்ச்சு 3 அன்று தேசியப் பங்குச் சந்தையின் பன்னாட்டுப் பிரிவு, 8 அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குக்கு ஈடான ரசீதுகளை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒருவகைச் சீட்டே. பங்கு அமெரிக்காவில், ரசீது இங்கே. டோக்கனென்று பெயரிடப்படாத டோக்கன் என்க. அவ்வட்டாரத்தின் ஆணையம் 2025 பிப்ரவரியில் சொத்துகளை டோக்கனாக்குவது பற்றிக் கலந்தாய்வு ஏடும் வெளியிட்டது.

நம் சென்னை உயர்நீதிமன்றமும் இதில் ஒரு முக்கியமான சொல் சொல்லியிருக்கிறது. வஸீர்எக்ஸ் என்னும் கிரிப்டோ சந்தையிலிருந்து 2024 ஜூலையில் ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. களவுபோனது ஒரு வகை நாணயம்; நட்டத்தையோ எல்லா வாடிக்கையாளர் மீதும் பரப்ப முயன்றனர். வேறு வகை நாணயம் வைத்திருந்த ஒருவர், 'என் சரக்கு களவுபோகவில்லையே, அதை ஏன் பிறர் நட்டத்துக்கு எடுக்கிறீர்கள்?' என்று வழக்குக்கு வந்தார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ என்பது சொத்து. அதை உரிமையாகக் கொள்ளவும் பிறர்க்காக நம்பிக்கைப் பொறுப்பில் ஏந்தவும் இயலும் என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். அமானிதம் என்று நாம் சொல்வதை அவர் டிரஸ்ட் என்றார். டோக்கன் பங்கைப் பற்றிய வழக்கன்று அது. எனினும் பிறர் கையில் கிடக்கும் டோக்கன் அமானிதமா, கடனா என்னும் நம் கேள்வியை ஒரு நீதிமன்றம் நேருக்கு நேர் கேட்டதைப் படித்தபோது, நள்ளிரவில் துணைக்கு ஒருவர் வந்தாற்போலிருந்தது.

இவ்வளவையும் அவ்விளைஞரின் இல்லத்துக்கே சென்று தாயாரும் இருக்கச் சொன்னோம். பணம் அவருடையதன்றோ? அம்மையார் எழுதப் படிக்க அறியாதவர். எல்லாவற்றையும் கேட்டபின் ஒன்றே கேட்டார்: "ஹஜ்ரத், இந்த டோக்கனைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கம்பெனிக்காரன் நம்மை யாரென்று கேட்பானா, உள்ளே விடுவானா?"

"கம்பெனிக்காரருக்கு உங்களைத் தெரியாதும்மா. சீட்டு எழுதினவருக்குத்தான் தெரியும்" என்றோம்.

"அப்போ அந்தச் சீட்டு எழுதினவன் எப்பேர்ப்பட்டவன் என்று பார்க்கணும்" என்றார். ஜர்ஹு-தஃதீல் கலையை அதைவிடச் சுருக்கமாக நாம் எவ்வகுப்பிலும் நடத்தியதில்லை.

நான்கு இலட்சமும் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, ஷரீஅத் அளவுகோலுக்குட்பட்ட நம் நாட்டுக் கம்பெனிப் பங்குகளை டீமேட் கணக்கில் வாங்கலாமா என்று தாயும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாண்டில் தேவைப்படும் பணத்தைப் பங்கில் இடுவதே தகாது என்று கணக்காய்வு நண்பர் மறுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இளைஞர் தம் சம்பளத்திலிருந்து முன்னரே இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டோக்கன் வாங்கியிருந்ததைப் பின்னரே சொன்னார். அதை விற்றுவிட்டார், நூற்றுச் சொச்சம் இலாபம் வந்ததாம். அவ்விலாபத்தை என்ன செய்வதென்று கேட்டார். தனக்கென நன்மை நாடாமல் ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிடு என்றோம்.